குடியாத்தம் அச்சகத்துக்கு 68,000 ரூபாய் சாப்ட்வேர் வேண்டுமா?

கேள்வி: ஐயா, குடியாத்தத்தில் அப்பா ஆரம்பித்த சிறிய அச்சகத்தை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு மினி ஆப்செட், இரண்டு கணினி. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக், லுங்கிக் கம்பெனிகளுக்கு லேபிள் அடிக்கிறோம். ஆண்டுக்கு 22 லட்சம் அளவில் வியாபாரம். ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது, என் மனைவிதான் பில் போடுகிறார். மாதம் 50 பில்லுக்கு மேல் போகாது. சமீபத்தில் வேலூரிலிருந்து ஒருவர் வந்து, கணக்கு சாப்ட்வேர், ஆபீஸ், டிசைன் சந்தா, ஆன்லைன் பேக்கப் எல்லாம் சேர்த்து 68,000 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ் சொன்னார். "ஆடிட் டிரெயில் இல்லாத சாப்ட்வேர் வைத்திருந்தால் நோட்டீஸ் வரும்" என்கிறார். பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரரோ எல்லாவற்றையும் 1,500 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறேன் என்கிறார். விண்டோஸ் 10-க்கும் இனி அப்டேட் இல்லையாம். இலவசமாகக் கிடைப்பதை நம்பி இறங்கலாமா? அப்பா பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தவிர வேறெதிலும் அடிக்க மாட்டார். வழி சொல்லுங்கள்.

பதில்:

முதலில் அந்த நோட்டீஸ் பயத்தை இறக்கி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவு செய்கிற, அணைத்து வைக்க முடியாத ஆடிட் டிரெயில் உள்ள சாப்ட்வேர்தான் வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருப்பது உண்மைதான். ஆனால் அது கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனிகளுக்கு. கடிதத்தைப் பார்த்தால் உங்களுடையது அப்பா பெயரிலோ உங்கள் பெயரிலோ ஓடும் தனியுரிமைத் தொழில். அந்த விதி உங்கள் வாசற்படி ஏறாது. அடுத்த முறை அவர் வந்தால் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்வது என்று ஆரம்பிப்பார். அதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள்: 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத்தான் அது கட்டாயம். உங்கள் 22 லட்சத்துக்கும் அதற்கும் வெகுதூரம்.

ஜிஎஸ்டி உங்கள் பில்லில் கேட்பது கொஞ்சம்தான். தொடர்ச்சியான எண், அது 16 எழுத்துக்கு மிகாமல், அந்த நிதியாண்டுக்குள் இரண்டாவது முறை வராமல் இருக்க வேண்டும். உங்கள் ஜிஎஸ்டி எண், வாங்குபவர் பதிவு பெற்றவரானால் அவருடைய எண், பொருளின் வகையைக் காட்டும் எச்எஸ்என் குறியீடு, வரி விவரம், கையெழுத்து. எந்த சாப்ட்வேரில் போட வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஊருக்கெல்லாம் நீங்கள் அடித்துக் கொடுக்கிறீர்களே பில் புக், அதில் ஒன்றை எடுத்து உங்கள் மனைவி பேனாவால் எழுதினாலும் அது செல்லுபடியாகும் பில்தான்.

சரி, அப்படியானால் எதற்குக் காசு கொடுப்பது, எதற்குக் கொடுக்க வேண்டாம்? என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஃபைலை உங்களைத் தவிர வேறு யார் திறக்கப் போகிறார்கள்? யாரும் இல்லையென்றால் இலவச சாப்ட்வேரே போதும், கண்ணை மூடிக்கொண்டு போகலாம். வேறொருவர் திறக்கிறார் என்றால், அவர் எதில் திறக்கிறார், திறந்து என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். இந்தக் கண்ணோடு அந்த 68,000 ரூபாய்ப் பட்டியலைப் பாருங்கள்.

கணக்கை எடுத்துக்கொள்வோம். அதைத் திறப்பவர் உங்கள் ஆடிட்டர். அவர் டேலி என்ற கணக்கு சாப்ட்வேர் வைத்திருப்பார், நம் பக்கத்தில் அநேகமாக எல்லாரும் அதுதான். அதனால் நாமும் டேலி வாங்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ஒரு கணினிக்கான உரிமம் 22,500 ரூபாய் அளவில், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. டேலியை நான் குறை சொல்ல மாட்டேன். நானே தினமும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு முறை வாங்கினால் நம்முடையது, ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டாலும் திறக்கும். சரக்கு நிறைய, கணக்கு நிறைய உள்ள கடைக்கு அந்தப் பணம் வீண் இல்லை. ஆனால் மாதம் 50 பில்லுக்கு அது வேண்டுமா? டேலி பிரைமில் 4.0 பதிப்பிலிருந்து எக்செல் ஃபைலை நேராக உள்ளே இழுக்கும் வசதி வந்துவிட்டது. மாதக் கடைசியில் விற்பனைப் பட்டியல் ஒன்று, கொள்முதல் பட்டியல் ஒன்று என்று எக்செல் வடிவில் அனுப்பினால் ஆடிட்டர் தம் டேலியில் ஏற்றிக்கொள்வார். ஒரு போன் போட்டு, எந்தெந்தக் கட்டம் எந்த வரிசையில் வேண்டும் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

அந்தப் பட்டியலை எதில் போடுவது? இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று லிப்ரே ஆபீஸ். 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது. கடை, கம்பெனி என்று எங்கே பயன்படுத்தினாலும் காசு கிடையாது. அதில் கால்க் என்பதுதான் எக்செல்லுக்கு ஈடு. ஒரு பில் படிவத்தை ஒரு முறை உட்கார்ந்து செய்துவிட்டால் பிறகு எண்ணை மாற்றி, பிடிஎஃப் ஆக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியதுதான். ஒரே ஒரு அமைப்பை மட்டும் மறக்காமல் மாற்றுங்கள்: அது தன் சொந்த வடிவில் சேமிக்கும், அதை எப்போதும் எக்செல் வடிவில் சேமிக்கும்படி செட்டிங்கில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து மாதாமாதம் போன் வரும். இரண்டாவது வழி, சென்னைக்காரர்களான ஜோஹோவின் புக்ஸ். விற்றுமுதல் ஒரு வரம்புக்குள் இருப்பவர்களுக்கு அதில் இலவசத் திட்டம் உண்டு. சேரும்போது வரம்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். பில் எண் தானாக ஓடும், வாடிக்கையாளர் பெயரை ஒரு முறை ஏற்றினால் போதும். உங்கள் மனைவிக்கு இது இன்னும் சுலபம். என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். இஆர்பி நெக்ஸ்ட் என்று மும்பையிலிருந்து ஒன்று இருக்கிறது, முழுக்கத் திறந்த மூலம், நல்ல வேலைப்பாடு. ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஒரு ஆள் வேண்டும். ஆம்பூரில் 200 பேர் வேலை செய்கிற ஷூ யூனிட்டுக்குச் சரி, உங்களுக்கு எலி பிடிக்க யானை கட்டிய கதையாகிவிடும்.

இங்கே ஒரு விஷயம். எந்த சாப்ட்வேரும் இதை உங்களுக்குச் சொல்லாது, அச்சகக்காரர்கள் பாதிப் பேர் இதில் தடுக்கி விழுகிறார்கள். வாடிக்கையாளர் கொடுத்த விஷயத்தை நம் பேப்பரில் அடித்துக் கொடுக்கும் துண்டறிக்கை, புத்தகம் போன்றவை ஜிஎஸ்டியில் சேவை. லேபிள், அட்டைப்பெட்டி, கவர் என்று வந்தால் சரக்கு. 2017 அக்டோபர் 20-ஆம் தேதி சுற்றறிக்கையில் அச்சுத் தொழிலுக்கென்றே இதைப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆக, கோயில் நோட்டீஸுக்கு 9989 என்ற சேவைக் குறியீடு, லுங்கி லேபிளுக்கு 4821 என்ற சரக்குக் குறியீடு. எந்த சாப்ட்வேர் எடுத்தாலும் முதல் நாளே உங்கள் அயிட்டங்களை இப்படிப் பிரித்து ஏற்றுங்கள், பட்டியலை ஆடிட்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். அப்படியே பலமநேரி, சித்தூர் பக்கம் அனுப்பும் லேபிள் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாடிக்கையாளர் முகவரியில் ஆந்திரா என்று போட்டு மாநிலக் குறியீட்டை 33 என்றே விட்டுவிட்டால் பில் மத்திய வரி, மாநில வரி என்று பிரிந்துவிடும். 37 என்று போட்டால்தான் வெளிமாநில விற்பனைக்குரிய ஐஜிஎஸ்டி வரும். எல்லையோரக் கடைகளில் நான் அதிகமாகத் திருத்துவது இந்த ஒரு கட்டத்தைத்தான்.

ஆன்லைன் பேக்கப்புக்கு அவர் தனியாகக் காசு கேட்கிறார், கொடுக்க வேண்டாம். ஆனால் பேக்கப் வேண்டும். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு வாடிக்கையாளருக்கு வெள்ளிக்கிழமைதோறும் பென்டிரைவில் காப்பி எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவரும் பூஜை போடுவது போல் தவறாமல் எடுத்தார். ஹார்ட்டிஸ்க் போன அன்று பென்டிரைவைச் செருகிப் பார்த்தால் உள்ளே ஒரே ஒரு ஐகான். அவர் இத்தனை நாளும் டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டைத்தான் காப்பி எடுத்திருக்கிறார். தப்பு என்னுடையது, எடுத்த காப்பியை வேறு கணினியில் திறந்து பார்க்கச் சொல்லவில்லை. நீங்கள் மாதம் ஒரு முறை இரண்டாவது கணினியில் திறந்து பாருங்கள். ஆன்லைன் சாப்ட்வேர் என்றாலும் பேக்கப் உண்டு: மாதக் கடைசியில் எல்லாப் பில்லையும் எக்செல்லாக இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வேலூரில் எனக்குத் தெரிந்த ஒரு கடையில் சந்தா முடிந்த மறுநாள் பழைய பில்லைக்கூடத் திறக்க விடவில்லை. எந்த ஆப் என்பது வேண்டாம். மார்ச் 31 இரவு அது, அவ்வளவு சொன்னால் போதும்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் அப்டேட் நின்றது நிஜம். புதிய விண்டோஸ் ஏறுமா என்பது கணினியின் வயதைப் பொறுத்தது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தையதில் அதிகாரபூர்வமாக ஏறாது. இரண்டில் ஒன்று பழையதாக இருந்தால் அதில் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டு மனைவியின் பில் மேஜைக்குக் கொடுத்துவிடுங்கள். பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் அதில் நன்றாக ஓடும். தனியுரிமைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செல்போனுக்கு வரும் ஓடிபியிலேயே முடிந்துவிடும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகும் தொல்லை இல்லை. பிரிண்டர் மட்டும் ஏற்கிறதா என்று, போடுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிச் சோதித்துக்கொள்ளலாம்.

1,500 ரூபாய்க்காரரைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவில் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அவர் போடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், முதல் வேலையாக ஆன்ட்டிவைரஸை நிறுத்துவார். வீட்டு நாயைக் கட்டிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று ஒருவர் சொன்னால் விடுவீர்களா?

இனி டிசைன். உங்கள் தொழிலின் உயிர் இங்கேதான், காசும் இங்கேதான் போக வேண்டும். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்கிறேன்: இத்தனை வருடப் பத்திரிகை மாதிரிகளும் கோரல் டிரா என்ற டிசைன் சாப்ட்வேரின் ஃபைலாக இருக்கும். அதைத் திறப்பவர் நீங்கள் மட்டும் இல்லை. நாலு கலர் வேலையென்றால் பிளேட் போடுகிறவர் திறக்கிறார், லேபிள் கொடுக்கும் லுங்கிக் கம்பெனியின் டிசைனரும் திறக்கிறார். ஆகவே ஒரே ஒரு கணினிக்கு, முறையான கோரல் உரிமம் ஒன்று வாங்குங்கள். 68,000 ரூபாய்ப் பட்டியலில் நான் டிக் போடுவது இந்த ஒரு வரிக்குத்தான்.

மற்றக் கணினியில் இங்க்ஸ்கேப் போடுங்கள். இலவசம், கோரல் ஃபைலையும் ஓரளவு திறக்கும். எழுத்து இடைவெளி மட்டும் அங்கங்கே நகர்ந்து நிற்கும், சரிபார்க்க வேண்டும். போட்டோவைச் சுத்தம் செய்ய கிம்ப் போதும், அல்லது பிரவுசரிலேயே ஓடும் போட்டோபீ. போட்டோஷாப் ஃபைலை அது அப்படியே திறக்கிறது, ஓரத்தில் விளம்பரம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இங்க்ஸ்கேப்பில் ஒரு குழி இருக்கிறது, முன்கூட்டியே காட்டிவிடுகிறேன். அது திரைக்குரிய ஆர்ஜிபி நிறத்தில் வேலை செய்கிறது. ஒற்றைக் கலர் நோட்டீஸை லேசர் பிரிண்டரில் டிரேசிங் ஷீட்டில் எடுத்து நீங்களே பிளேட் எக்ஸ்போஸ் செய்தால் ஒரு பிரச்சினையும் இல்லை, கருப்பு கருப்பாகவே வரும். நாலு கலருக்கு அதே பிடிஎஃப்பைக் கொடுத்துப் பாருங்கள். மணமக்கள் பெயருக்குக் கீழே உள்ள பொடி எழுத்துகளின் கருப்பு நிறம், நீலம் சிவப்பு மஞ்சள் கருப்பு என்று நாலு பிளேட்டிலும் பிரிந்து உட்கார்ந்துவிடும். மெஷினில் ரிஜிஸ்டர், அதாவது நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, ஒரு மயிரிழை விலகினால் போதும், ஒவ்வொரு எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு சிவப்பு நிழல். 500 பத்திரிகையும் போச்சு. இதற்கு மருந்து ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு சாப்ட்வேர், அதுவும் இலவசம். இங்க்ஸ்கேப்பில் வரைந்ததை அதில் கொண்டுவந்து, நிறப் பட்டியலில் கருப்பை நூறு சதவீதம் கருப்பு, மற்ற மூன்றும் பூஜ்யம் என்று மாற்றி, அங்கிருந்து பிடிஎஃப் எடுத்தால் கருப்பு ஒரே பிளேட்டில் நிற்கும். எழுத்தை கர்வ் செய்து, அதாவது வெறும் வடிவமாக மாற்றி அனுப்புங்கள், கர்வ் ஆக்காத பிரதி ஒன்று உங்களிடம் கட்டாயம் இருக்கட்டும். கடைசி நேரத்தில் தாய்மாமன் பெயர் மாறும் என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்!

அப்புறம் பாமினி. இதைத்தான் நீங்கள் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கோ கடிதத்திலேயே பெரிய செலவு இதுதான் என்று தோன்றியது. பாமினியில் அடித்த 'அம்மா' திரையில்தான் அம்மா. ஃபைலுக்குள்ளே அது வெறும் ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் குப்பையாகத் தெரிவது அதனால்தான். இப்போது நடப்பதைப் பாருங்கள்: பெண் வீட்டார் உற்றார் உறவினர் பெயரையெல்லாம் யூனிகோட் தமிழில், அதாவது போனிலும் கணினியிலும் பொதுவாக உள்ள எழுத்து முறையில், வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதை அப்பா பார்த்துப் பார்த்து பாமினியில் மறுபடி அடிக்கிறார். இரட்டை வேலை, போதாததற்கு 'ன'கர 'ண'கரம் மாறினால் புரூஃப் பார்த்து மூன்றாம் முறை. யூனிகோடுக்கு வந்தால் காப்பி எடுத்து ஒட்டும் வேலைதான். கோரலின் பழைய பதிப்புகள் யூனிகோட் தமிழைச் சிதைக்கும், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று நிற்கும். வாங்குவதற்கு முன் 'கொழுந்தனார்', 'ஸ்ரீ' என்று அடித்துச் சோதித்துப் பாருங்கள். லிப்ரே ஆபீஸிலும் இங்க்ஸ்கேப்பிலும் அந்தச் சிக்கல் இல்லை.

பழைய பாமினி வாசகங்களை மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே எச்சரிக்கை: பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்து மாற்றாதீர்கள். நடுவில் ஆங்கிலத்தில் இருக்கும் கடைப் பெயரும் மின்னஞ்சலும்கூடத் தமிழாகி உளறும். எழுத்துருவுக்கும் செலவு இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் யூனிகோட் எழுத்துருக்களை இலவசமாகத் தருகிறது. நோட்டோ, மீரா இனிமை, முக்த மலர், பலூ தம்பி போன்றவற்றையும் வியாபாரத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பத்திரிகைக்கு வேண்டிய வளைவு நெளிவான அலங்கார எழுத்து இவற்றில் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். முகப்புத் தலைப்புக்கு மட்டும் கோரலில் பழைய எழுத்துருவையே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா விஷயம் நீங்கள் நினைப்பதுபோல் கஷ்டம் இல்லை. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை இரண்டிலும் பாமினி விசைப்பலகை அமைப்பு உண்டு. அவர் விரல் இத்தனை வருடமாக எந்தக் கட்டையைத் தட்டியதோ அதே கட்டையைத் தட்டலாம், வெளியே வருவது மட்டும் யூனிகோடாக இருக்கும். அவரிடம் எதையும் மாற்றிவிட்டோம் என்று சொல்லக்கூட வேண்டாம்.

மாறுவதற்கு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். வைகாசி முதல் தேதி கங்கையம்மன் சிரசுத் திருவிழா நெருங்கும்போது தொடாதீர்கள், தை மாசி முகூர்த்தத்திலும் வேண்டாம். ஆடி வரட்டும். கல்யாண வேலை இருக்காது, வருவதெல்லாம் அம்மன் கோயில் கூழ் வார்க்கும் நோட்டீஸ்தான், அதுவும் ஒற்றைக் கலர். முதலில் வரும் கூழ் நோட்டீஸை லிப்ரே ஆபீஸில் அப்பாவையே அடிக்கச் சொல்லுங்கள்.